டிசைன் பேட்டர்ன் புத்தகங்களோடு நான் தொலைத்த 14 மாதம்

என் அலமாரியில் நாலு நீள நோட்டு இருக்கிறது. நாலும் நிறைந்த நோட்டு. ஆப்ஜெக்ட் (தரவும் செயலும் சேர்ந்த ஒரு பொருள்), கிளாஸ் (அந்தப் பொருளை வார்க்கும் அச்சு), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு தாய் கிளாஸில் இருப்பது பிள்ளை கிளாஸுக்குப் பரம்பரையாக வருவது), பாலிமார்பிசம் (ஒரே பெயருள்ள செயலை ஒவ்வொரு கிளாஸும் தன் முறையில் செய்வது) என்று தலைப்புப் போட்டு, கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, அம்புக்குறிக்குச் சிவப்பு மை, விளக்கத்துக்கு நீல மை என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். 14 மாதம் ஆனது. அவ்வளவும் எழுதி முடித்த பிறகு, எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பலகாரக் கடைக்கு பில் போடும் புரோகிராம் ஒன்றை ஒழுங்காக எழுத என்னால் முடியவில்லை. புத்தகத்துக்கு 5,800 ரூபாய், வகுப்புக்கு 24,000, இண்டர்வியூவுக்காக இரண்டு தடவை சென்னை போய்வந்ததில் 3,200, கடைக்காரருக்குத் திருப்பிக் கொடுத்த முன்பணம் 15,000, ஆக மொத்தம் 48,000. மாதம் 14,000 சம்பளம் வாங்குகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் தேவகோட்டையிலிருந்து தெரிந்த பெண் ஒருத்தி போன் பண்ணி, "அக்கா, இந்தப் புத்தகத்தை ஆர்டர் போடட்டுமா?" என்று கேட்டாள். நான் முதலில் வாங்கிய அதே புத்தகம். இரண்டு நாள் பொறு என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கோட்டையூர். அப்பா கொத்தனார், சுற்றுவட்டாரத்தில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் அவருக்கு முக்கால்வாசி வேலை. நான் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற புரோகிராம் மொழி கொஞ்சம் கற்றிருந்தேன், லூப் எழுதுவேன், ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும், பெயர் வைத்த நிரல் துண்டு) எழுதுவேன், எக்செல் கோப்பைத் திறந்து கூட்டிக் கழித்துத் தருவேன். இனி கம்ப்யூட்டர் வேலைக்கே போகலாம் என்று விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தால் எல்லாவற்றிலும் ஓஓபி (ஆப்ஜெக்ட், கிளாஸ் வைத்து எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறை) தெரிந்திருக்க வேண்டும், டிசைன் பேட்டர்ன் (புரோகிராமில் அடிக்கடி வரும் சிக்கலுக்குப் பெயர் வைத்த தீர்வு) தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது. எதைப் படிப்பது என்று தேடினால் எல்லாரும் ஒரே புத்தகத்தைச் சொன்னார்கள். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் நான்கு பேரும் எழுதி 1994-இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்'. நாலு பேர் எழுதியதால் 'கேங் ஆஃப் ஃபோர்' என்றே அதற்குப் பெயர். உடனே வாங்கிவிட்டேன்.

முதல் தவறு அங்கேதான். புத்தகத்தைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் அதை மதிக்கிறேன். ஆனால் இது ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறைக்கான அறிமுக நூல் இல்லை, ஒரு மொழியிலாவது நல்ல பழக்கம் உள்ளவருக்குத்தான் என்று முன்னுரையிலேயே அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நான் முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டு நேராக உள்ளே போய்விட்டேன். உள்ளே இருந்த மாதிரி நிரல்கள் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ஸ்மால்டாக்கிலும் இருந்தன. எனக்குத் தெரிந்ததோ அரைகுறைப் பைத்தான். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதிலும் முக்கால் மணி அந்த நட்சத்திரக் குறியும் இரட்டைப் புள்ளியும் என்ன என்று தேடுவதிலேயே போகும். புரியவில்லை என்றால் எனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே பிரிட்ஜ் பேட்டர்ன் படத்தை நோட்டில் வரைந்தது நன்றாக நினைவிருக்கிறது. தொழில்நுட்பப் புத்தகம் எதை வாங்கினாலும் முன்னுரையில் 'இந்தப் புத்தகம் யாருக்கு' என்கிற பத்தியை முதலில் படித்துவிடுங்கள். மாதிரி நிரல் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் காசு கொடுக்கும் முன்பே பாருங்கள்.

தனியாகப் படித்தால் வராது என்று முடிவுகட்டி, வார இறுதி வகுப்பு ஒன்றில் 24,000 கட்டிச் சேர்ந்தேன். அங்கே ஜாவா. ஆக கையில் பைத்தான், புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ், வகுப்பில் ஜாவா. என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்று நாலு தூண், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், அதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். விலங்கு என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து நாய் வரும், பூனை வரும், நாய் குரைக்கும், பூனை கத்தும். ஆறு மாதமும் அந்த நாயும் பூனையும்தான். அந்த நாய் எந்தப் புரோகிராமில், யாருக்காகக் குரைக்கிறது என்று ஒரு நாளும் பேச்சு வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு வகுப்புக்குப் பணம் கட்டும் முன், கடைசியில் நம் கையால் என்ன செய்து முடித்திருப்போம் என்று கேளுங்கள். சான்றிதழ் தருவோம் என்பது மட்டும் பதிலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அதோடு சென்னைக்கு இண்டர்வியூ. அப்சர்வர் பேட்டர்ன் என்றால் என்ன என்று கேட்டார்கள், மனப்பாடமாகச் சொன்னேன், தலையாட்டினார்கள். பிறகு ஒரு நாற்பது வரி நிரலைக் காட்டி, "இதில் நாளைக்குப் புது வகை வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்தால் எந்த எந்த இடத்தைத் தொடுவீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. பேட்டர்ன் பெயர்களாக மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றும் அந்த நாற்பது வரியோடு ஒட்டவில்லை. திரும்பி வரும் ராத்திரி பஸ்ஸில் தூக்கமே வரவில்லை. இரண்டாவது இண்டர்வியூவும் ஏறக்குறைய அப்படித்தான், அதை விரித்துச் சொல்ல வேண்டாம்.

சரி, நிஜமாக ஒன்றை எழுதினால்தான் வரும் என்று அப்போதுதான் தோன்றியது. தெரிந்த ஆச்சி ஒருவர் பலகாரக் கடை வைத்திருக்கிறார். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் போட்டு வெளியூருக்கு கூரியரிலும் அனுப்புகிறார். "பில்லு போடுறதுக்கும், டப்பாவுல தேதி ஒட்டுறதுக்கும் ஒண்ணு செஞ்சு குடு ஆத்தா" என்று 15,000 ரூபாய் கையில் கொடுத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, படித்த எல்லாவற்றையும் அதில் போட்டேன். பதினோரு பேட்டர்ன், 43 கிளாஸ். ஒவ்வொரு பேட்டர்னையும் சேர்க்கும்போது படித்தது வீண் போகவில்லை என்று மனசுக்கு ஒரு ஆறுதல்.

பலகாரம் என்று தாய் கிளாஸ். அதன் கீழே இனிப்பு, காரம் என்று இரண்டு பிள்ளை. இனிப்புக்குப் பத்து நாள் கெடு, காரத்துக்கு இருபது நாள் கெடு. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா, வகுப்பில் போட்ட விலங்கு, நாய், பூனை போலவே. அப்புறம் மனகோலம் வந்தது. முறுக்கு மாதிரி அச்சில் பிழிந்து எண்ணெயில் பொரித்து, அதற்குப் பிறகு வெல்லப் பாகில் போட்டுப் புரட்டுகிற பலகாரம் அது. காரமா, இனிப்பா? புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்து இரண்டு கிளாஸுக்கும் பிள்ளையாக வைத்தேன், பைத்தான் அதற்கு இடம் கொடுக்கும். ஆனால் இரண்டு தாயிடமும் ஒரே பெயரில் ஒரு செயல் இருந்தால், பிள்ளையின் தாய்ப் பட்டியலில் முதலில் எழுதிய தாயுடையதைத்தான் பைத்தான் எடுத்துக்கொள்ளும். நான் காரத்தை முதலில் எழுதியிருந்தேன். பத்து நாளில் தீர வேண்டிய மனகோலத்துக்கு இருபது நாள் என்று தேதி ஒட்டி டப்பா பெங்களூருக்குப் போனது. பாகு கசிந்து, நமத்துப்போய், வாடிக்கையாளர் படம் எடுத்து அனுப்பினார். நாற்பது வருடப் பெயர் அந்தக் கடைக்கு. ஆச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்த வாடிக்கையாளரிடம் தான்தான் தவறு செய்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில், கடையில் பேச்சுக்கு நாம் வைத்திருக்கிற வகைகள் வேறு, புரோகிராமில் வேறுபட வேண்டிய விஷயம் வேறு. இனிப்பு, காரம் என்பது வாய்க்கான வகை. என் புரோகிராமுக்கு வேண்டியதோ எத்தனை நாள் கெடாது, கிலோ என்ன விலை, கூரியரில் போகுமா என்ற மூன்றுதான். வெள்ளைப் பணியாரம் அன்றைக்கே சாப்பிட வேண்டியது, கூரியருக்கே ஆகாது, அதுவும் அந்த வகைப்பிரிவில் எங்கேயும் அடங்கவில்லை. இப்போது பலகாரம் என்று ஒரே ஒரு கிளாஸ் இருக்கிறது, அந்த மூன்றும் அதற்குள் மூன்று மதிப்பு, அவ்வளவுதான். பரம்பரையாக வாங்குவதைவிட வேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொள்வதை நாடுங்கள் என்று அந்த நாலு பேர் முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். என் நோட்டில் அந்த வரி சிவப்பு மையில் அடிக்கோடிட்டு இருக்கிறது. அடிக்கோடிட்டுவிட்டு அதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறேன்.

அடுத்த அடி சிங்கிள்டன், ஒரு கிளாஸுக்கு ஒரே ஓர் ஆப்ஜெக்ட்தான் இருக்கலாம் என்கிற பேட்டர்ன். விலைப்பட்டியல் புரோகிராம் முழுக்க ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டிவிட்டேன். மூன்றாவது மாதம் ஆச்சி செக்காலையில் ஒரு கிளை திறந்தார், அங்கே வாடகை அதிகம், அதனால் விலையும் கிலோவுக்குப் பத்து, இருபது கூட. ஒரே பட்டியல்தான் என்று நான் கட்டிய சுவரை இடிக்க 43 கிளாஸில் 29-ஐத் தொட வேண்டியிருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றைச் சரிசெய்தால் வேறு இரண்டு நின்றுபோகும். ஆச்சி பழைய பில் புத்தகத்துக்கே திரும்பினார். நான் அடுத்த மாதச் சம்பளத்தில் பாதியும் அம்மாவிடம் வாங்கியதும் சேர்த்து 15,000-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், டேபிளில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எதையும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலை செய்கிற இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். புதிதாகக் கட்டுகிற வீடு, நாலு செண்ட் மனை. பழைய வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டுக்காரர் நடுவில் வளவு (வானம் பார்த்த நடுமுற்றம்) வேண்டும் என்றிருக்கிறார். நாலு தூண், நடுவில் பள்ளம், கீழே ஆத்தங்குடிக் கல், எல்லாம் இருக்கிறது, ஆனால் மேலே கான்கிரீட் போட்டு மூடியாயிற்று, ஏனென்றால் மாடியில் ரூம் வர வேண்டும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிச்சம் வரணும், காத்து வரணும், மழைத்தண்ணி அண்டாவுல விழணும், கல்யாணம் நடக்கணும், அதுக்கு வச்சது தாயி வளவு. இதுல எதுவும் இல்லன்னா நடுவீட்டுல ஒரு பள்ளம், அம்புட்டுத்தான். எம்புட்டோ சொல்லிப் பார்த்தேன், கேக்கல." நான் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் 43 கிளாஸும் அந்த மூடிய வளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். பேட்டர்ன் என்ற எண்ணமே கட்டடக் கலையிலிருந்து வந்தது என்று அங்கே இருக்கிறது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1977-இல் தம் குழுவோடு 253 பேட்டர்ன்களைத் தொகுத்து வெளியிட்டார், ஊர் எப்படி அமைய வேண்டும் என்பதிலிருந்து ஜன்னலோர இருக்கை வரை. ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினையைச் சொல்லி அதற்கான தீர்வைச் சொல்வது. கெண்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற மென்பொருள்காரர்கள் இருவரும் 1987-இல் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்து பேசினார்கள், அதற்குப் பிறகுதான் 1994-இன் புத்தகம். பிரச்சினை முதலில், தீர்வு பிறகு. நான் 14 மாதமும் தீர்வை மட்டும் வரைந்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் நான் செய்தது இதுதான், இதில்தான் எனக்கு இந்த வேலை கைவந்தது. முதலில் கிளாஸே இல்லாமல் ஆச்சி கடைக் கணக்கை இருநூறு வரியில் நீட்டி எழுதினேன். அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடியது. ஆச்சியிடம் போய் காசு வேண்டாம், ஒரு மாதம் பழைய பில் புத்தகத்தோடு இதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்தேன். அந்த ஒரு மாதத்தில் ஆச்சி என்னென்ன மாற்றம் கேட்கிறார் என்று மட்டும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். ஏழு தடவை கேட்டார். அதில் நாலு விலையைப் பற்றியது. சில்லறைக்கு ஒரு விலை, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் கல்யாண ஆர்டருக்கு ஒரு விலை, வெளியூருக்கு டப்பாக் காசு சேர்த்து ஒரு விலை, பிறகு கிளையின் விலை. ஒவ்வொன்றுக்கும் 'இப்படியானால் அப்படி' என்று ஒரு வரி சேர்த்துச் சேர்த்து, நாலாவது தடவை அந்த இடத்தைத் திறக்கவே பயமாக இருந்தது. அந்தப் பயம் வந்த அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் ஸ்ட்ராடஜி என்ற பேட்டர்னின் பகுதியைத் திறந்தேன். முன்னால் நாலு தடவை படித்தும் புரியாத பகுதி, அரை மணி நேரத்தில் புரிந்தது. விலை போடும் முறையைத் தனியே பிரித்து, வேண்டியதை உள்ளே கொடுப்பது. பைத்தானில் அதற்குத் தனிக் கிளாஸ்கூட வேண்டாம், ஒரு ஃபங்ஷனைக் கையில் கொடுத்தால் போதும். கணினி விஞ்ஞானி பீட்டர் நார்விக் 1996-லேயே, லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் அந்தப் புத்தகத்தின் 23 பேட்டர்ன்களில் 16 ரொம்ப எளிதாகிவிடும் அல்லது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்று காட்டியிருக்கிறார். பைத்தானில் எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் சி பிளஸ் பிளஸ் படத்தை அப்படியே பெயர்த்து வைக்கிற வேலை மிச்சம்.

எது கிளாஸ், எது இல்லை என்று முடிவு செய்ய எனக்கு உதவியது பெக்கும் கன்னிங்ஹாமும் 1989-இல் சொல்லிக்கொடுப்பதற்காகவே எழுதிய ஒரு முறை. ஒரு கிளாஸுக்கு ஒரு அட்டை. மேலே பெயர், இடது பக்கம் அதன் பொறுப்பு, வலது பக்கம் அது யார் யாரிடம் உதவி கேட்கும் என்பது. சின்ன அட்டையில் பொறுப்பு கொள்ளவில்லை என்றால் அந்தக் கிளாஸின் தலையில் அதிகம் ஏற்றியிருக்கிறோம் என்று பொருள். வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் எழுதினேன். ஆச்சி கடைத் திண்ணையில் அட்டைகளைப் பரப்பி, "ஒரு கல்யாண ஆர்டர் வருது ஆச்சி, முதல்ல யாரு என்ன செய்யணும்?" என்று கேட்டு ஒவ்வொரு அட்டையாக நகர்த்தினோம். கம்ப்யூட்டர் தெரியாத ஆச்சி அரை மணியில் இரண்டு அட்டையைத் தூக்கி எறிந்தார். "இது எதுக்கு, இந்த வேலையத்தான் அவன் பார்க்குறானே" என்றார். சரிதான். 43 போய் ஆறு கிளாஸில் நின்றது.

அந்த 1994 புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, ஒவ்வொரு பேட்டர்னிலும் படத்தையும் நிரலையும் முதலில் பார்க்காதீர்கள். நோக்கம், எப்போது பொருந்தும், விளைவுகள் என்ற மூன்று பகுதியை மட்டும் முதல் சுற்றில் படியுங்கள். விளைவுகள் பகுதியில்தான் அந்தப் பேட்டர்னால் வரும் சங்கடமும் எழுதியிருக்கும், நான் அதை அப்படியே தாண்டிப்போயிருந்தேன். நெகிழ்வு நிஜமாகவே தேவைப்படும்போதுதான் பேட்டர்னைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிவளைத்த சிக்கல்தான் மிஞ்சும் என்ற எச்சரிக்கையும் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம் லெக்சி என்ற ஓர் எடிட்டரை, அதாவது ஆவணம் எழுதும் புரோகிராமை, கட்டுவதைக் கதைபோலச் சொல்லி, எட்டு பேட்டர்ன் எந்த எந்தச் சிக்கலில் எப்படி வந்து சேர்கிறது என்று காட்டும். பலரும் அதைத் தாண்டிப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள், நானும் போனேன். அந்த ஒரு அத்தியாயத்தை ஒரு வாரம் வைத்துப் படித்தால் மற்றதெல்லாம் தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கலாம், அகராதி மாதிரி.

தேவகோட்டைப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இது. இப்போதைக்கு அந்த ஆர்டரைப் போடாதே. உன் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது ஒரு கணக்கு இருக்கும், சீட்டுக் கணக்கோ, பாத்திர வாடகையோ, பால் கணக்கோ, அதை உனக்குத் தெரிந்த ஒரே மொழியில் எழுது. மாற்றம் கேட்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், தனியாக எழுதினால் மாற்றமே வராது, வலியும் தெரியாது. வலி தெரிந்த பிறகு 2004-இல் வந்த 'ஹெட் ஃபர்ஸ்ட் டிசைன் பேட்டர்ன்ஸ்' மாதிரி ஜாவாவில் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போகிற ஒன்றையோ, ஓடுகிற நிரலை அதன் வேலை மாறாமல் ஒழுங்குபடுத்துவது பற்றிய மார்ட்டின் ஃபவுலரின் 'ரீஃபாக்டரிங்' நூலையோ எடு. ஃபவுலரின் 1999 பதிப்பில் ஜாவா, 2018 பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட், அதனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்கு. அந்த நாலு பேர் புத்தகம் உனக்கு வேண்டியபோது கோட்டையூருக்கு வா, என்னுடையதைத் தருகிறேன், ஓரத்தில் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் மாமா நடத்துகிற பாத்திர வாடகைக் கடை நோட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.